பால் குடிச்ச முழமெல்லாம்

எனக்குப் பாலுன்னா உசுரு. இதை முதல்லயே சொல்லிடறேன். இல்லன்னா பாலைப் பாத்தாலே மூஞ்சைத் திருப்பிக்கிற ஆளுன்னு நெனைச்சுக்குவீங்க. சின்ன வயசுல பால் காய்ச்சின சட்டியில ஒட்டியிருக்கிற ஆடைக்காக அக்கா தங்கச்சிங்களோட முடியைப் பிடிச்சு சண்டை போட்டவ நானு. கல்யாணம் ஆகி வந்தப்பறமும் காலையில திக்கா ஒரு காப்பி, சாயங்காலம் டீ, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தம்ளர் பாலு. நாப்பது வயசு வரைக்கும் அது என்னை ஒண்ணும் பண்ணல. நாப்பத்தொண்ணுல ஆரம்பிச்சுது.

எங்க வீட்டுல ஒரு தறி ஓடுது. நானும் வீட்டுக்காரரும்தான் உக்கார்றோம். காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்ல, வெளியூருக்காரங்களுக்காகச் சொல்றேன். உடம்பு ஒரு கலரு, கரை வேற கலருன்னு இருக்கிற பட்டுச்சேலையை ஒத்த ஆளு நெய்ய முடியாது. அவரு குழியில காலை விட்டு மிதியை மிதிச்சிக்கினு, உடம்புக்கு நூல் வெச்ச நாடாவை, அதான் படகு மாதிரி இருக்கிற சின்னக் கட்டையை, எறிவாரு. அது ஓடி வந்து வலது பக்கம் கரை கிட்ட நிக்கும். அங்க நான் உக்காந்திருப்பேன். அவரோட நூலையும் என்னோட கரை நூலையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி, என் நாடாவை எறியணும். இதுக்குப் பேருதான் கோர்வை. ஒவ்வொரு இழைக்கும் இதே வேலை. அவரு எறியாம நான் எறிய முடியாது. நான் எறியாம அவரு அடுத்த மிதி மிதிக்க முடியாது.

பத்தொம்பது வருஷமா இப்படித்தான். சண்டை போட்டுக்கினு மூணு நாள் பேசாம இருந்திருக்கோம். அந்த மூணு நாளும் தறி ஓடியிருக்குது. மூஞ்சை உம்முன்னு வெச்சிக்கினே நூலை மாட்டி மாட்டிக் குடுத்திருக்கேன். எங்க சமாதானம் எல்லாம் பாதி சேலையில ஆரம்பிச்சு முந்தி வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

இப்போ புரியுதுல்ல? எனக்கு வயிறு கலக்குனா ரெண்டு பேரு வேலையும் நின்னுடும்.

முதல்ல ஏதோ ஒத்துக்காம போச்சுன்னுதான் நெனைச்சேன். காலையில காப்பி குடிச்சிட்டு ஏழு மணிக்குத் தறியில உக்காருவேன். எட்டு அடிக்கறதுக்குள்ள வயித்துல கடமுடான்னு சத்தம். தறி சத்தத்தையும் மீறிக் கேக்கும். அப்புறம் முறுக்கும். துணி பிழியற மாதிரி முறுக்கும். நாடாவை அப்படியே போட்டுட்டு எழுந்து ஓடுவேன். தறிக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல ஒரு சுவருதான். அவரு மிதியில காலை வெச்சபடி உக்காந்திருப்பாரு. நான் எழுந்து ஓடினதும் கையை நீட்டி ரேடியோ சத்தத்தைக் கூட்டுவாரு. எதுக்குன்னு நான் கேட்டதில்ல, அவரு சொன்னதுமில்ல. திரும்பி வந்து உக்காந்ததும் சத்தத்தைக் கொறைச்சிடுவாரு.

நல்ல மனுஷன். இதையும் முதல்லயே சொல்லிடறேன். கடைசியில யாரும் அவரைத் திட்டக் கூடாது.

கூடவே இன்னொண்ணும் வந்துச்சு. வயிறு முன்னாடியா அது முன்னாடியா, இன்னிக்கு வரைக்கும் என்னால சொல்ல முடியல. காலையில கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடியே நெஞ்சு மேல ஒரு கனம் ஏறி உக்காந்திருக்கும். ஒரு நாள் கத்திரிக்கா நறுக்கிக்கினு இருந்தேன், பொலபொலன்னு கண்ணுல தண்ணி. வெங்காயமா இருந்தாவாச்சும் ஒரு சாக்கு இருந்திருக்கும். கத்திரிக்காக்கு அழுதவளை எந்த ஊர்லயாவது பாத்திருக்கீங்களா? தலை வார்றதுக்குக் கையைத் தூக்கணுமேன்னு மலைப்பா இருக்கும், வாரி விட ஆளில்லாம பின்னாடி சிக்கு விழுந்துடும். மெட்ராஸ்ல படிக்கிற பொண்ணு போன் பண்ணா, "நல்லாருக்கேன் கண்ணு, நீ சாப்டியா?"ன்னு ரெண்டே வார்த்தையில வெச்சிடுவேன். எனக்குப் பிடிச்ச சீரியல் ஓடிக்கினு இருக்கும், யாரு யாரை அடிச்சாங்கன்னு கூடத் தெரியாம பாத்துக்கினு இருப்பேன்.

இருந்து இன்னா பண்ணப் போறோம்னு தோணும். சாவணும்னு இல்ல. ஆனா இருக்கறதுல ஒண்ணுமில்ல. இந்த வித்தியாசத்தை யாரு கிட்ட போய் சொல்றது?

எங்க ஊர்ல மனசு சரியில்லன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஒடம்புக்கு முடியலன்னுதான் சொல்லுவாங்க. ஒடம்புக்கு முடியலன்னா உடனே ஒரு பதில் தயாரா இருக்கும். சத்து இல்ல. சத்து இல்லன்னா? பாலு! கேட்டவங்க எல்லாம் அதையேதான் சொன்னாங்க. தூக்கம் வரலயா, சூடா பாலு குடி. தலை சுத்துதா, பாலு குடி. அழுகை வருதா, பாவம், சத்தே இல்ல, ரெண்டு வேளையும் பாலு குடி.

இதுல முதல் ஆளு எங்க அண்ணி. வீட்டுக்காரரோட அக்கா. செவிலிமேட்டுல வீடு கட்டிக்கினு போனவங்க. பேருக்குத்தான் நாத்தனாரு, எனக்குக் கூடப் பொறந்தவங்களை விட மேல. எனக்கு மூஞ்சி வாடியிருக்குதுன்னு தெரிஞ்சதும் டவுன் பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுவாங்க. பாதாம் அரைச்ச பாலு, பனங்கல்கண்டு போட்ட பாலு, மஞ்சப்பொடி மிளகு தட்டின பாலு. "குடிம்மா, கண்ணு மூடிக்கினு குடிச்சுடு"ன்னு பக்கத்துல உக்காந்து தம்ளரைக் காலி பண்ற வரைக்கும் நகர மாட்டாங்க. குடிப்பேன். மறுநாள் ஓடுவேன். வயிறு சரியில்லன்னு சொன்னா, "அதான் சத்து ஒட்ட மாட்டேங்குது, இன்னும் குடிக்கணும்"பாங்க.

எவ்வளவு குடிச்சேன்! இப்போ நெனைச்சாலும் எனக்கு என் மேலயே ஆத்திரம் வருது. ஒரு தடவையாவது, பாலு குடிச்ச அன்னிக்குத்தானே இப்படி ஆவுதுன்னு தோண வேணாமா? தோணலயே. மருந்தைப் போய் யாராவது சந்தேகப்படுவாங்களா?

போன வருஷம் பங்குனியில அண்ணி ஒரு வேண்டுதல் வெச்சாங்க. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, அம்மன் கோயில்ல காலை அபிஷேகத்துக்குப் பாலு வாங்கிக் குடுக்கிறது. அபிஷேகம் ஆன பாலுல ஒரு சொம்பு வாங்கியாந்து எனக்குக் குடுக்கிறது. நான் வெறும் வயித்துல அதைக் குடிக்கணும். அதுக்கு முன்னாடி பச்சைத் தண்ணி கூடக் கூடாது. காப்பியும் அந்த நாப்பத்தெட்டு நாளு கிடையாது.

அண்ணிக்கு முழங்கால் வலி. அந்தக் காலை வெச்சிக்கினு விடியக்காலையில பஸ் ஏறி, கோயிலுக்குப் போயி, அங்க நின்னு, ஏழு மணிக்கெல்லாம் துளசி போட்ட சொம்போட எங்க வாசல்ல வந்து நிப்பாங்க. நெத்தியில குங்குமம் வெச்சு விட்டு, "இன்னியோட விட்டுடும் பாரு"ம்பாங்க, தெனமும். அதை எப்படி வேணாம்னு சொல்றது? சாமி குடுத்த பாலு. அதுக்கு மேல அண்ணி குடுத்த பாலு. அண்ணாந்து குடிச்சுட்டுத் தறியில போய் உக்காருவேன்.

அந்த மண்டலத்துல நெய்ஞ்சதுதான் நான் சொல்ல வந்த சேலை. அரக்கு உடம்பு, பச்சைக் கரை. பதிமூணாம் நாளு சாயங்காலம் தறியில இருந்து அறுத்து, மறுநாள் வீட்டுக்காரரு கடைக்கு எடுத்துக்கினு போனாரு. போனவரு ஒரு மணி நேரத்துல அதே மஞ்சப்பையோட திரும்பி வந்துட்டாரு. செருப்பைக் கழட்டாம வாசல்லயே நின்னாரு.

"கோர்வை வாய் விட்டிருக்குதாம்"னாரு.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கோர்வை வாய் விடறதுன்னா, கரையும் உடம்பும் சேர்ற இடத்துல நூலு சரியா மாட்டாம சின்னச் சின்ன சந்து விழறது. சும்மா பாத்தா தெரியாது. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா ஊசிக்கண்ணு மாதிரி வரிசையாத் தெரியும். கடையில வாசப்பக்கம் தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "இது உங்க தறிதானா?"ன்னு கேட்டாங்களாம். எங்க கோர்வையில பத்தொம்பது வருஷத்துல ஒருத்தர் ஒரு குத்தம் சொன்னதில்ல. மாட்டறது என் கை. குத்தமும் என்னோடதுதான்.

"இனிமே நான் உக்காரலங்க. வேற யாரையாச்சும் கூப்ட்டுக்குங்க"ன்னேன். தறியில அந்த எடம் போச்சுன்னா எனக்குன்னு வேற இன்னா இருக்குது? அந்தக் கனத்தோட ஒரு நாளை ஓட்டறதே அவரு பக்கத்துல உக்காந்திருக்கறதாலதான்.

அவரு பாயை விரிச்சாரு. சேலையை நீட்டாப் பரப்பினாரு. முழங்கையை ஊனி, நெய்ய ஆரம்பிச்ச கோடியில இருந்து முழம் போட ஆரம்பிச்சாரு.

எதுக்குன்னு எனக்குப் புரியல. கோவத்தைத்தான் இப்படிக் காட்டறாருன்னு நெனைச்சு சுவரு ஓரமா நின்னுக்கினு இருந்தேன். அவரு ஒவ்வொரு முழத்துலயும் குனிஞ்சு, கரையை வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, சந்து விழுந்த எடத்துல சாக்பீஸால ஒரு கோடு இழுத்தாரு. அப்புறம் என்னைக் கூப்ட்டாரு.

"இங்க வா. இதைப் பாரு."

நாங்க நாளுக்கு ஒரு முழம் நெய்வோம். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா ஒரு முழம். சேலை முழுக்க அவரு போட்ட கோடு முழத்துக்கு ஒண்ணா இருந்துச்சு. ஒவ்வொரு முழத்துலயும் ஆரம்பத்துல நாலு விரக்கடை நல்லா இருக்குது. அப்புறம் அரை விரக்கடை வாய் விட்டிருக்குது. அப்புறம் அந்த முழம் முடியற வரைக்கும் சுத்தம். அடுத்த முழத்துலயும் அதே மாதிரி. அதுக்கடுத்ததும் அதே.

"கவனம் இல்லாம வுட்டிருந்தா கண்ட எடத்துல வுட்டிருப்ப. இது தெனமும் ஒரே நேரத்துக்கு வுட்டிருக்குது"ன்னாரு. "எட்டு மணி. நீ எழுந்து ஓடறதுக்கு முன்னாடி அடக்கிக்கினு அடக்கிக்கினு மாட்டியிருக்குற."

அவரு சொன்னது நெசம். முறுக்க ஆரம்பிச்சதும் எழுந்துக்க வெக்கப்பட்டு, பல்லைக் கடிச்சுக்கினு ஒரு இருபது முப்பது இழை போடுவேன். அந்த இருபது முப்பது இழையும் அங்க கெடந்துச்சு.

அப்புறம் அவரு ஒரு எடத்துல விரலை வெச்சாரு. எட்டாவது முழம். அதுல மட்டும் கோடே இல்ல. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் அத்தனை சுத்தமா இருந்துச்சு.

"இந்த நாளு இன்னா ஆச்சு உனக்கு?"

ரெண்டு பேரும் விரலை மடக்கி மடக்கி எண்ணினோம். எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. அன்னிக்குப் புழுக்கத்துல பாலு திரிஞ்சு போயிருந்துச்சு. அண்ணி சொம்பைத் திறந்து பாத்துட்டு, "ஐயையோ, இது இன்னா சகுனமோ"ன்னு அழாத குறையா அதைக் கொண்டு போய் செம்பருத்திச் செடியில ஊத்தினாங்க. நான் பழைய சோத்துத் தண்ணியில உப்பு போட்டுக் குடிச்சிட்டு உக்காந்தேன். அன்னிக்கு ஒரு தடவை கூட எழுந்திருக்கல.

"பாலு"ன்னேன்.

"பாலுதான்"னாரு அவரும்.

அப்படியே பாயில உக்காந்துட்டேன். சிரிக்கறதா அழறதான்னு தெரியல. எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொன்னேன். கடைசியில ஒரு சேலை சொன்னதைத்தான் கேக்க வேண்டியிருந்துச்சு.

மறுநாளே டாக்டரம்மா கிட்ட கூட்டிக்கினு போனாரு. அவங்க கேட்டதும் சாதாரணமா சொன்னாங்க. பாலுல ஒரு சக்கரை இருக்குதாம், லாக்டோஸுன்னு பேரு. சின்ன வயசுல அது செரிக்கும். வயசாக ஆக சில பேருக்குச் செரிக்காம போயிடும். "வியாதின்னு பயப்படாதீங்கம்மா, நெறைய பேருக்கு இருக்குது. பாலை நிறுத்திப் பாருங்க. தயிரு மோரு கொஞ்சம் தாங்கும்"னாங்க.

எழுந்துக்கப் போனவ திரும்ப உக்காந்தேன். "டாக்டரம்மா, அழுகை வருதே, அதுவும் இதனாலயா?"ன்னு கேட்டேன்.

அவங்க பேனாவைக் கீழ வெச்சாங்க. எத்தனை நாளா, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படின்னு கேட்டாங்க. நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரரு என் பக்கம் திரும்பிப் பாத்துக்கினே இருந்தாரு. அதுல பாதி அவருக்குத் தெரியாது.

"சம்பந்தம் இருக்கலாம்மா"ன்னாங்க. "வயிறு ஓயாம கெட்டா மனசும் விழும். மனசு விழுந்தா வயிறும் கெடும். உங்களுக்கு எது எதனாலன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. முதல்ல பாலை நிறுத்துங்க. அப்பவும் விடலன்னா தள்ளிப் போடாம இவங்களைப் போய்ப் பாருங்க." பெரியாஸ்பத்திரியில மனசுக்குப் பாக்கற டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்ததும் அவரு அதை நாலா மடிச்சு, தேதி கிழிக்கிற காலண்டருக்குப் பின்னாடி சொருகி வெச்சாரு.

அன்னியில இருந்து எங்க வீட்டுக்குள்ள பாலு வரல. அவரே போய் பால் பாக்கெட்டை நிறுத்திட்டாரு. "உங்களுக்கு எதுக்குங்க நிறுத்தணும்?"னா, "வீட்டுல இருந்தா உனக்கு நாக்கு ஊறும்"னாரு. முப்பது வருஷமா நாளுக்கு நாலு காப்பி குடிக்கிற மனுஷன், வரக்காப்பியை மூஞ்சைச் சுளிக்காம குடிக்கக் கத்துக்கினாரு. அண்ணி அழுதாங்க. "நானே உனக்கு வெஷத்தை ஊத்திக் குடுத்துட்டனேம்மா"ன்னு தலையில அடிச்சுக்கினாங்க. வேண்டுதலைப் பாதியில விட முடியாதில்ல, மீதி நாளு பூரா என் பேரைச் சொல்லி அந்தப் பாலை அவங்களே குடிச்சாங்க. ரெண்டு சுத்து பெருத்துட்டாங்க.

வயிறு பத்தே நாள்ல அடங்கிடுச்சு. ரேடியோ சத்தத்தைக் கூட்ட வேண்டிய வேலை இல்லாம போச்சு. கோர்வை பழையபடி வந்துச்சு. அதோட, சொன்னா நம்ப மாட்டீங்க, நெஞ்சு மேல இருந்த கனமும் எறங்கிடுச்சு. வைகாசி, ஆனி ரெண்டு மாசம் நான் பழைய ஆளா இருந்தேன். பொண்ணு கிட்ட அரை மணி நேரம் போன்ல வம்பளந்தேன். "அம்மா, போதும்மா, கிளாஸுக்குப் போவணும்"னு அது கெஞ்சுச்சு. தலைக்கு எண்ணெ வெச்சு வாரி பூ வெச்சேன். அட, இத்தனை நாளும் இந்தப் பாழாப் போன பாலுதானான்னு இருந்துச்சு. பாத்தவங்க கிட்ட எல்லாம் சொன்னேன், எனக்கு மனசும் இல்ல மண்ணும் இல்ல, பாலுதான்னு.

ஆடி பொறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடி அது வந்து உக்காந்திருந்துச்சு.

உடனே எனக்குத் தோணினது இதுதான்: நேத்து இன்னா தின்னேன்? பிஸ்கட்டுல பால் பவுடரு இருந்திருக்கும். கூழு ஊத்தின எடத்துல மோரு கலந்திருப்பாங்க. கோயில் இட்லியில தயிரு சேப்பாங்களாமே, அதுவா இருக்கும். எல்லாத்தையும் நிறுத்தினேன். பிஸ்கட்டு, ரொட்டி, ஸ்வீட்டு, கல்யாண வீட்டுச் சாப்பாடு, எல்லாம். பாக்கெட்டு பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் பொண்ணுக்குப் போட்டோ எடுத்து அனுப்பி, "இதுல பாலு இருக்குதா பாரு"ன்னு உயிரை வாங்கினேன். அது ஒவ்வொண்ணுக்கும் "இல்லம்மா", "இல்லம்மா"ன்னு பதில் போட்டுச்சு.

வயிறு பாட்டுக்கு நல்லா இருந்துச்சு. அதுதான் கொடுமை. ஒரு முறுக்கு இல்ல, ஒரு சத்தம் இல்ல. கொஞ்சம் வலிச்சுத் தொலையக் கூடாதான்னு வயித்தைத் தடவிப் பாத்துக்கினு உக்காந்திருப்பேன். பாலாவே இருந்துடணும் தாயேன்னு அம்மனை வேண்டிக்கினேன். பாலா இருந்தா நிறுத்திடலாம். இதை எதை நிறுத்தி நிறுத்தறது?

அவரு கிட்ட சொல்லாம இல்ல. ஒரு நாள் தறியில உக்காந்திருக்கும்போது சொன்னேன். "என்னாங்க, எனக்கு மறுபடியும் ஒரு மாதிரியா இருக்குது."

"வயிறா?" சட்டுனு மிதியை நிறுத்திட்டாரு.

"வயிறு இல்ல."

"அப்புறம் இன்னா?" படமரத்துல, அதான் நெய்ஞ்சதைச் சுத்தி வெக்கிற கட்டையில, இருந்த கரையைத் தட்டிக் காமிச்சாரு. "நீ நல்லாத்தான் இருக்குற. கோர்வையைப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்குது." அவரு மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். பொண்டாட்டியோட நோவை டாக்டருக்கு முன்னாடி கண்டுபிடிச்சவரில்ல அவரு? முழம் போட்டுக் கண்டுபிடிச்சாரு. அந்தச் சேலையை இன்னும் பீரோவுல வெச்சிருக்காரு, வர்றவங்களுக்கு எடுத்துக் காட்டறதுக்கு.

நானும் கரையைப் பாத்தேன். நெசமாவே கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு. எனக்கு அழுகை வந்தாலும் கை பாட்டுக்கு மாட்டுது. பத்தொம்பது வருஷப் பழக்கம், அதுக்கு நான் எதுக்கு? வயித்து வலி விரலுக்கு வந்துச்சு, நூலுக்கு வந்துச்சு, சேலையில விழுந்துச்சு. இது எங்கயும் விழ மாட்டேங்குது. அவருக்குச் சேலையைப் படிக்கத் தெரியும். சேலையில இல்லாததை எப்படிப் படிப்பாரு?

தனியாப் போய் அந்த டாக்டரைப் பாத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. காலண்டரு வரைக்கும் போனேன். ரெண்டு தடவை. சீட்டோட ஓரத்தைத் தொட்டுக் கூடப் பாத்தேன். ஆனா நான் எழுந்து போனா தறி நின்னுடும். எதுக்குப் போறன்னு கேப்பாரு. வயிறுன்னா கேக்காமலே ரேடியோவைக் கூட்டினவரு. இதுக்கு இன்னான்னு சொல்லுவேன்? வரக்காப்பி குடிச்சிக்கினு இருக்கிறவரு கிட்ட, நீங்க பாலை விட்டது பத்தலங்க, நான் சரியாவலன்னு எந்த மூஞ்சியோட சொல்றது? அதை விட, தலை வார கை தூக்க முடியாதவ பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, முன்ன பின்ன தெரியாதவங்க கிட்ட உக்காந்து முதல்ல இருந்து சொல்லணும். நெனைச்சாலே படுத்துக்கலாம்னு இருக்கும்.

ஆவணி கடைசியில ஒரு காலை. மணி பத்து பத்தரை இருக்கும், நல்ல வெளிச்சம். மயில் கழுத்து உடம்பு, ஆரஞ்சுக் கரை. அவரு நாடாவை எறிஞ்சாரு. அது வந்து என் கையில நின்னுச்சு. நான் நூலை மாட்டல.

வேணும்னேதான். மாட்டாம என் நாடாவை எறிஞ்சேன். அவரு மிதிச்சாரு, எறிஞ்சாரு. மறுபடியும் மாட்டல. மூணாவதும் மாட்டல. பத்தொம்பது வருஷத்துல தெரிஞ்சே ஒரு இழையைக் கெடுத்ததில்ல நானு. பாருங்க, பாருங்க, பாருங்கன்னு உள்ளுக்குள்ள கத்திக்கினே அஞ்சாவது இழையையும் விட்டேன்.

தறி நின்னுச்சு.

அவரு குனிஞ்சு விரலால அந்த எடத்தைத் தடவினாரு. ஊசிக்கண்ணு மாதிரி சந்து, அதுல வெளிச்சம் தெரியுது. நிமிர்ந்து என் மூஞ்சியைப் பாத்தாரு. கண்ணு முழுக்கத் தண்ணியோட நான் உக்காந்திருக்கிறதைப் பாத்தாரு. நல்லாப் பாத்தாரு. எத்தனை மாசம் கழிச்சு அப்படிப் பாத்தாரு! கேட்டுட்டா போதும், இன்னான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும், எல்லாத்தையும் கொட்டிடலாம்னு வாயைத் திறந்து வெச்சிருந்தேன்.

"பாலு ஏதாச்சும் சேத்தியா?"ன்னாரு.

எவ்வளவு பயந்து போய்க் கேட்டாரு தெரியுமா? என் கையைப் பிடிச்சுக்கினாரு.

இல்லன்னு சொல்லியிருக்கணும். இல்லங்க, பாலு இல்ல, எனக்கே இன்னான்னு தெரியல, அந்தச் சீட்டை எடுங்க, கூட்டிக்கினு போங்கன்னு சொல்லியிருக்கணும். வார்த்தை எல்லாம் வரிசையா நின்னுச்சு. ஆனா அவரு மூஞ்சியைப் பாத்தா, நான் இல்லன்னு சொல்லிட்டா அந்த மனுஷன் கையில வேற ஒண்ணுமே இல்ல.

"ஆமாங்க"ன்னேன். "நேத்து அண்ணி வீட்டுல ஒரு வாய் பால்கோவா."

"அதான பாத்தேன்!" அவருக்கு உசுரு வந்துச்சு. அண்ணியைச் செல்லமாத் திட்டினாரு. என்னையும் திட்டினாரு. துண்டால என் கண்ணைத் துடைச்சு விட்டு, "இனிமே தொடாத, இன்னா? ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்"னாரு. எதுக்கும் இருக்கட்டும்னு ரேடியோ சத்தத்தையும் கூட்டி வெச்சாரு.

அப்புறம் ரெண்டு பேருமா அந்த அஞ்சு இழையையும் பிரிச்சோம். அவரு எறிஞ்சாரு, நான் மாட்டினேன். சேலை முடிஞ்சு போனப்போ வாசல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு அந்த எடத்தைத் தேடினேன். எங்கன்னு எனக்கே தெரியல.